காபி ஆறுவதற்குள் சுடோகு முடிப்பவரா? போட்டிக்கு வாங்க

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருக்கிறார், வயது 62. நங்கநல்லூரில் காலையில் பேப்பர் விழுகிற சத்தம் கேட்டதும் கதவைத் திறக்கிற முதல் ஆள் அவர்தான். தலைப்புச் செய்தி வேண்டாம், ராசிபலன் வேண்டாம், நேராக சுடோகு பக்கம். டபராவில் காபி ஆறுவதற்குள் கட்டம் முடிந்திருக்கும். போன வருஷம் ஒருநாள் லிஃப்டில் என் கையிலிருந்த தாள் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னடா இது, கட்டம் கட்டமா?"

"சுடோகு போட்டிக்கு ப்ராக்டீஸ் மாமி."

"இதுக்கெல்லாமா போட்டி வைக்கறா?"

"உலக அளவுலயே நடக்குது மாமி. வருஷா வருஷம்."

மூன்றாவது மாடி வந்த பிறகும் இறங்கவில்லை. லிஃப்ட் கதவில் கையை வைத்துக்கொண்டு, "என்னை மாதிரி ஆளையெல்லாம் சேத்துப்பாளா?" என்றார்.

சேர்த்துக்கொள்வார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு உலகப் போட்டியில் தனித் தரவரிசையே உண்டு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் உண்டு. கீழே நாலு பேர் லிஃப்டுக்குக் காத்திருந்ததால் அன்றைக்கு அவரிடம் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், அவரைப்போல ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

முதலில், இது என்ன போட்டி

சுடோகுவை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பெயர் மட்டும்தான் ஜப்பானுடையது. 1979-இல் அமெரிக்காவின் டெல் புதிர்ப் பத்திரிகையில் 'நம்பர் பிளேஸ்' என்று வந்தது, உருவாக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர். 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்துப் போட, அங்கே இருந்த மாகி காஜி வைத்த பெயர்தான் சுடோகு. அப்புறம் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வேய்ன் கோல்ட் என்ற நியூசிலாந்துக்காரர் 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இதைக் கொண்டுவந்து சேர்த்தார், உலகமே பைத்தியமாகிவிட்டது.

அதிலிருந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, 2006 மார்ச்சில் இத்தாலியின் லூக்கா நகரத்தில் முதல் உலக சுடோகு சாம்பியன்ஷிப் நடந்தது. 22 நாடுகளிலிருந்து 85 பேர் வந்தார்கள். ஜெயித்தவர் செக் நாட்டைச் சேர்ந்த யானா டிலோவா, 31 வயது அக்கவுண்டன்ட். அவருக்கு அடுத்த இரண்டு இடங்களில் வந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் இதன் சுவாரசியம் தெரியும். இரண்டாமவர் தாமஸ் ஸ்னைடர், அப்போது ஹார்வர்டில் வேதியியல் ஆராய்ச்சி மாணவர். மூன்றாமவர் வெய்-ஹ்வா ஹுவாங், கூகுளில் மென்பொருள் பொறியாளர், அதற்கு முன்பே உலகப் புதிர் சாம்பியன் பட்டத்தை நான்கு முறை வாங்கியவர். இந்த இரண்டு பேரையும் தாண்டித்தான், வேலை நேரத்தில் வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கோப்பையைத் தூக்கினார். "நான் கணக்குல வீக்" என்று பின்வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இதில் கணக்கே கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை உள்ள எண்களுக்குப் பதில் ஒன்பது காய்கறிப் படம் போட்டாலும் ஆட்டம் அதேதான். கூட்டல் வருகிற வகைகள் சில உண்டு, அதற்கு மளிகைக் கடைக் கூட்டல் போதும்.

ஸ்னைடர் அடுத்த வருஷமே பிராகில் ஜெயித்தார், 2008-இல் மறுபடியும், 2011-இல் இன்னொரு தடவை. 2009, 2010, 2012 மூன்றும் போலந்தின் யான் ம்ரோசோவ்ஸ்கிக்கு. ஆறு வருஷம், இரண்டே பேர். அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிற ஆட்டம் என்றால் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் ஜப்பானின் கோட்டா மோரினிஷி வந்து 2014, 2015, 2017, 2018 என்று நான்கு முறை அள்ளிக்கொண்டு போனார். இதை நடத்துவது உலகப் புதிர் கூட்டமைப்பு, ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டில். நம் நாட்டுக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது, 2008-இல் கோவாவுக்கும் 2017-இல் பெங்களூருக்கும். சென்ட்ரலில் பிருந்தாவன் ஏறினால் மதியத்துக்குள் போய் இறங்குகிற ஊர், ஆனால் அந்த வாரம் லீவு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் போகவில்லை. அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

உங்கள் வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள்

"நான் பத்து நிமிஷத்துல போட்டுடுவேன்" என்று எல்லோரும் சொல்வோம். அது நல்லபடியாக அமைந்த ஒருநாள் கணக்கு. ஒரு சுடோகு புத்தகத்திலிருந்து நடுத்தரமான பத்துக் கட்டங்களை எடுத்து, போன் டைமரை ஓடவிட்டு வரிசையாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரத்தை எழுதுங்கள், தப்பாகிப் போனதற்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். சராசரி நேரத்தைவிட அந்தப் பெருக்கல் குறிகள்தான் முக்கியம். பத்தில் இரண்டு தப்பு என்றால் வேகத்தைப் பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம். முன்னணி ஆட்டக்காரர்கள் எளிதான கட்டம் ஒன்றை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிப்பார்கள். அதைப் பார்த்து மிரளத் தேவையில்லை, எட்டு நிமிடம் ஆகிறவர் ஒழுங்காக ஒரு மாதம் உட்கார்ந்தால் ஐந்துக்கு வந்துவிடலாம். ஐந்திலிருந்து மூன்றுக்கு வருவதுதான் வருஷக் கணக்கில் இழுக்கும்.

பென்சில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேனாவில் போடுகிற வீராப்பு பேப்பர் சுடோகுவோடு சரி. பென் பென்சிலில் 0.7 லெட் போட்டுக்கொள்ளுங்கள், 0.5 அவசரத்தில் படக்கென்று ஒடியும். தனியாக ஒரு நல்ல ரப்பர். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் பேப்பரையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு வரலாம், பயிற்சிக்கு நிறையத் தாள் செலவாகும்.

குட்டி எண்களைக் குறையுங்கள்

புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கிற பெரிய பிரச்சினை இது. ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எல்லா எண்களையும் குட்டியாக எழுதி நிரப்பிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். எழுதவே ஐந்து நிமிடம் போகிறது, எழுதி முடித்ததும் கட்டம் எறும்புப் புற்று மாதிரி ஆகி எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் குறிப்பே இல்லாமல் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பாருங்கள். மேலே இருக்கிற மூன்று பெட்டிகளை, அதாவது ஒன்பது ஒன்பது சிறு கட்டமாகத் தடித்த கோட்டால் பிரித்த சதுரங்களை எடுத்துக்கொள்வோம். இடது பெட்டியில் 7 முதல் வரிசையில் இருக்கிறது. வலது பெட்டியில் 7 மூன்றாம் வரிசையில். அப்படியென்றால் நடுப்பெட்டியின் 7 இரண்டாம் வரிசையில்தான் வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. அந்த வரிசையில் நடுப்பெட்டிக்குள் இருப்பது மூன்று கட்டம். ஒன்றில் ஏற்கெனவே 4 இருக்கிறது. மிச்சம் இரண்டு. இப்போது பார்வையை அப்படியே கீழே இறக்குங்கள், அந்த இரண்டில் ஒன்றுக்கு நேர் கீழே எங்கேயாவது 7 இருந்தால் முடிந்தது, இன்னொன்றில் தைரியமாக 7 போடலாம். இதைத்தான் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும், மேல் மூன்று, நடு மூன்று, கீழ் மூன்று, அப்புறம் இடமிருந்து வலமாக நெடுக்கில் மூன்று மூன்று பெட்டி என்று ஓட்ட வேண்டும். எளிய கட்டங்களில் பாதிக்கு மேல் இதிலேயே விழுந்துவிடும்.

சரி, கீழே 7 இல்லை என்றால்? அங்கேதான் தாமஸ் ஸ்னைடர் வருகிறார். ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்கு இரண்டே இடம்தான் என்று வரும்போது மட்டும் அந்த இரண்டு கட்டத்தின் மூலையிலும் அதைச் சின்னதாக எழுதிவைப்பது. மூன்று இடம் என்றால் எழுதக் கூடாது. உலகம் முழுக்க இதற்கு 'ஸ்னைடர் குறிப்பு' என்றே பெயர். பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டில் ஒன்றில் வேறு எண் வந்து உட்கார்ந்த அடுத்த நொடி, இன்னொன்று தானாக உறுதியாகிவிடுகிறது, தேடவே வேண்டாம். அதே பெட்டியில் 7-ம் 3-ம் ஒரே இரண்டு கட்டங்களில் குறித்திருந்தால், அந்த இரண்டு கட்டத்திலும் வேறு எதுவும் நுழைய முடியாது என்பதும் கண்ணில் அடித்த மாதிரித் தெரியும். நான் இந்தப் பழக்கத்துக்கு மாற மூன்று வாரம் ஆயிற்று, முதல் வாரம் வேகம் குறைந்தது. பயந்து பழைய பழக்கத்துக்கு ஓடிவிடாதீர்கள்.

யூகித்துப் போடுவது தப்பா என்று கேட்பார்கள். போட்டியில் யாரும் வந்து பிடிக்கமாட்டார்கள். ஆனால் எங்கிருந்து யூகம் தொடங்கியது என்று தெரியாமல் போட்டால், தப்பு வெளிப்படும்போது கட்டம் முழுக்க அழிக்க வேண்டியிருக்கும். இரண்டே வாய்ப்புள்ள ஒரு கட்டத்தைப் பிடித்து, எழுதாமல் மனதுக்குள்ளேயே ஐந்தாறு படி ஓட்டிப் பார்ப்பது வரைக்கும் சரி.

இனி அசல் விஷயம்: வகைகள்

மாமிக்கு நான் இதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. உலகப் போட்டியில் நமக்குத் தெரிந்த சாதாரண சுடோகு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு விதி கூடுதலாகச் சேர்த்த வகைகள். பேப்பர் சுடோகுவில் புலியாக இருந்து முதல் போட்டியில் பூனையாகத் திரும்பி வருகிறவர்கள் எல்லாம் இங்கே விழுந்தவர்கள்தான்.

முதலில் கில்லர். கட்டத்துக்குள் புள்ளிக்கோட்டால் கூண்டுகள் போட்டு, ஒவ்வொரு கூண்டின் மூலையிலும் அதிலுள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் ஆரம்பத்தில் ஒரு எண்கூட இருக்காது. இதற்குச் சில சேர்க்கைகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட வேண்டும். இரண்டு கட்டக் கூண்டில் 3 என்றால் 1, 2. 4 என்றால் 1, 3. 16 என்றால் 7, 9. 17 என்றால் 8, 9. மூன்று கட்டத்தில் 6 என்றால் 1, 2, 3. 7 என்றால் 1, 2, 4. 23 என்றால் 6, 8, 9. 24 என்றால் 7, 8, 9. இவற்றுக்கு வேறு சேர்க்கையே கிடையாது. அடுத்து 45. ஒரு பெட்டியின் ஒன்பது எண்களைக் கூட்டினால் எப்போதும் 45. ஒரு பெட்டியை மூடியிருக்கிற கூண்டுகளைக் கூட்டிப் பார்க்கிறீர்கள், 51 வருகிறது, அதில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் 6. அவ்வளவுதான், கையை வைத்ததும் ஒரு எண் கிடைத்துவிட்டது. கில்லர் கட்டத்தைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது இப்படி நீட்டிக்கொண்டிருக்கிற கட்டங்களைத்தான்.

தெர்மோ வகையில் கட்டத்துக்குள் தெர்மாமீட்டர் படங்கள் இருக்கும், குமிழிலிருந்து நுனி வரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆறு கட்ட நீளமுள்ள தெர்மாமீட்டரின் குமிழில் 4-க்கு மேல் வர முடியாது, நுனியில் 6-க்குக் கீழே வர முடியாது. யோசித்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும், ஆனால் போட்டியில் யோசிக்க நேரமில்லை, பார்த்ததும் தெரிய வேண்டும்.

குரோப்கி என்று ஒன்று. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் எண்களுக்குள் வித்தியாசம் 1. கறுப்புப் புள்ளி என்றால் ஒன்று இன்னொன்றின் இரட்டிப்பு. கறுப்புப் புள்ளியைத் தொடுகிற கட்டத்தில் 5, 7, 9 வரவே வராது. ஒரே வரிசையில் மூன்று கட்டங்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளால் கோத்திருந்தால் அது 1-2-4 அல்லது 2-4-8, நடுவில் 2 அல்லது 4. இந்த வகையில் புதியவர்கள் மறக்கிற விதி என்னவென்றால், புள்ளி இல்லாத இடமும் ஒரு துப்புதான்: அங்கே அடுத்தடுத்த எண்களும் வராது, இரட்டிப்பும் வராது.

குதிரைத் தடை என்று நான் சொல்லிக்கொள்கிற ஒரு வகையும் உண்டு, செஸ் குதிரை தாவுகிற தூரத்தில் இருக்கிற இரண்டு கட்டங்களில் ஒரே எண் இருக்கக் கூடாது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊர் முழுக்க வேட்டி கட்டின 'தம்பி' குதிரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இவை தவிர மூலைவிட்டம், கோணல் பெட்டி, ஒற்றை-இரட்டை, அம்புக்குறி என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் படிக்க உட்காராதீர்கள். வாரத்துக்கு ஒரு வகை, அதில் பத்துக் கட்டம், போதும்.

எங்கே பதிவு செய்வது

இந்தியாவில் இதற்கு அதிகாரபூர்வமான அமைப்பு லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா. உலகப் புதிர் கூட்டமைப்பில் நம் நாட்டின் சார்பாக இருப்பது அவர்கள்தான், இந்திய சுடோகு சாம்பியன்ஷிப்பை நடத்தி அணியைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். ரோஹன் ராவ், பிரசன்னா சேஷாத்ரி போன்றவர்கள் இந்த வழியாக வந்து இந்தியாவுக்காக ஆடியவர்கள். ரோஹன் ராவ் டேட்டா சயின்ஸ் உலகத்திலும், காகிள் என்ற போட்டித் தளத்தில் கிராண்ட்மாஸ்டர் என்று பெயர் எடுத்தவர் என்பதை ஐடி நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கினால் இணையவழிச் சுற்றுகளில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். 'சுடோகு மகாபாரத்' என்ற பெயரில் ஒரு தொடர் நடத்துவார்கள், ஒவ்வொரு சுற்றும் சில வகைகளைச் சுற்றியே இருக்கும் என்பதால் புதியவர்கள் தொடங்க அதுதான் தோது.

இரண்டாவது, உலகப் புதிர் கூட்டமைப்பின் சுடோகு கிராண்ட் பிரீ. வருஷம் முழுக்கச் சுற்றுச் சுற்றாக நடக்கும், ஒவ்வொரு சுற்றின் கட்டங்களையும் ஒவ்வொரு நாட்டுக்காரர்கள் தயாரிப்பார்கள், பணம் எதுவும் கட்ட வேண்டாம். உலக சாம்பியன்கள் போடுகிற அதே தாளை அதே வார இறுதியில் நங்கநல்லூரில் உட்கார்ந்து நீங்களும் போடலாம், முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயர் மேலே, நம் பெயர் எங்கேயோ கீழே. அந்தப் பட்டியலில் முதல் தடவை என் பெயரைத் தேடிக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தேன், விரல் வலித்தது.

எந்தச் சுற்றாக இருந்தாலும் சில நாள் முன்னதாக விதிக் கையேடு ஒன்றை வெளியிடுவார்கள். என்னென்ன வகை, எதற்கு எத்தனை புள்ளி, நேரம் எவ்வளவு, விடையை எப்படி உள்ளிடுவது எல்லாம் அதில் இருக்கும், மாதிரிக் கட்டங்களும் இருக்கும். இதைப் படிக்காமல் போட்டிக்கு உட்காருவது பாடத்திட்டம் தெரியாமல் பப்ளிக் பரீட்சை எழுதுகிற மாதிரி. அச்செடுத்து, தெரியாத வகைக்கு நேராகக் கோடு போட்டு, மாதிரிகளைக் கையால் போட்டுப் பாருங்கள்.

போட்டி நாள், ஜெராக்ஸ் கடை, நான்

கட்டங்கள் அடங்கிய பிடிஎஃப் கோப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பூட்டு உண்டு. 'தொடங்கு' என்று அழுத்தினால்தான் பாஸ்வேர்டு வரும், அழுத்திய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். நிறுத்த முடியாது. இது எனக்குத் தெரியும், கையேட்டில் படித்திருந்தேன். ஆனாலும் முதல் போட்டியில் வீட்டில் பிரிண்டர் இல்லாமல், தெருமுனை ஜெராக்ஸ் கடை இரண்டு நிமிட நடைதானே என்று அழுத்திவிட்டு, கோப்பை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, ஏழு பக்கம், ரொம்ப அவசரம்."

"இருப்பா, இந்தத் தம்பியோட ஆதார் லேமினேஷன்ல இருக்கு."

ஆதார் வந்தது. அப்புறம் ஒரு அக்கா பையனுக்கு ப்ராஜெக்ட் படம் எடுத்தார், கலரில். என் முறை வந்தபோது கோப்பு பாஸ்வேர்டு கேட்டது. அது வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது 90 நிமிடத்தில் 64 பாக்கி.

அதனால், வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் திரையிலேயே போடப் பழகிவிடுங்கள், பல சுற்றுகளில் அந்த வசதி இருக்கிறது. பிரிண்டர் இருந்தால் முந்தின நாளே ஒரு சோதனைப் பக்கம் எடுத்து மை இருக்கிறதா பாருங்கள். பகலில் கரண்ட் போகிற ஏரியா என்றால் காலை ஆறு மணிக்கு உட்காருங்கள். சுற்று சில நாள் திறந்திருக்கும், எப்போது தொடங்குவது என்பது நம் கையில்தான். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள், காலிங் பெல்லுக்கு எழுந்து போவதில் மூன்று நிமிடம் போனால் ஒரு கட்டம் போன மாதிரி.

விடை உள்ளிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 81 எண்ணையும் தட்டச் சொல்லமாட்டார்கள். அம்புக்குறி போட்ட இரண்டு வரிசைகளை மட்டும் இடமிருந்து வலமாகத் தட்டச் சொல்வார்கள், சில நேரம் நெடுக்கு வரிசை. நான் ஒரு தடவை கிடைக்குப் பதில் நெடுக்கைத் தட்டி, சரியாகப் போட்ட கட்டத்துக்குப் புள்ளியை இழந்திருக்கிறேன். தளத்தில் தப்பான விடைக்கு அந்தக் கட்டத்தின் புள்ளியில் ஒரு பங்கு போகும், நேரடிப் போட்டியில் தாளில் தப்பு இருந்தால் அந்தக் கட்டத்துக்கு ஒன்றுமே கிடையாது.

எதை விடுவது என்று தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி

நான் இவ்வளவு எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். பேப்பரில் ஒரு கட்டம்தான், அதைப் போட்டே ஆக வேண்டும். போட்டித் தாளில் பெரும்பாலானவர்களால் முடிக்க முடியாத அளவுக்குக் கட்டங்கள் கொடுப்பார்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகிறவர், நாலாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டு, "விடமாட்டேன்" என்று இருபத்தைந்து நிமிடம் மல்லுக்கட்டி, கடைசிப் பக்கத்தில் இருந்த மூன்று எளிய கட்டங்களைத் தொடாமலே எழுந்து வருவார். பிடிவாதக்காரர்களுக்கு, நான் உட்பட, இதைவிட வேகமாகத் தரவரிசையில் இறங்க வழியில்லை.

புள்ளி என்பது சும்மா போட்டதில்லை. போட்டிக்கு முன்பே சிலரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, ஆகிற நேரத்தை வைத்து நிர்ணயிப்பார்கள். அதனால் 20 புள்ளிக் கட்டம் லேசு, 90 புள்ளி கஷ்டம் என்று நம்பலாம், ஆனால் உங்களுக்கு அப்படியே இருக்க வேண்டுமென்பதில்லை. கில்லரில் கை பழகியவருக்கு 70 புள்ளி கில்லர் பிரசாதம் மாதிரி. இப்படிச் செய்து பாருங்கள். பழைய சுற்று ஒன்றை எடுத்து முழு நேரத்துக்கும் போட்டு, வாங்கிய புள்ளியை நிமிடங்களால் வகுங்கள். 90 நிமிடத்தில் 270 என்றால் நிமிடத்துக்கு 3. இனிமேல் 30 புள்ளிக் கட்டம் ஒன்றில் பத்து நிமிடம் வரை உட்காரலாம். பதினைந்தாகியும் நகரவில்லையென்றால் நஷ்டத்தில் கடை நடத்துகிறீர்கள், மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விட்ட இடத்தில் ஒரு சுழி போட்டுவைத்தால் கடைசியில் திரும்பி வந்து பார்க்கலாம், புதுக் கண்ணோடு பார்க்கும்போது முதல் நிமிடத்திலேயே எண் விழுவதும் உண்டு.

என் வரிசை இப்படி: முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சாதாரண சுடோகு, கை நடுக்கம் போக. அப்புறம் நான் பழகிய வகைகள், பெரிய புள்ளியிலிருந்து சின்னதுக்கு. கடைசி பத்து நிமிடத்தில் புதிதாகப் பெரிய கட்டம் எதையும் தொடமாட்டேன். பாதியில் நின்ற 80 புள்ளிக் கட்டத்துக்குப் பூஜ்யம்தான், முடித்த 20-க்கு இருபது.

எல்லாவற்றையும் நேரத்துக்கு முன்பே சரியாக முடித்தவர்களுக்கு மிச்ச நிமிடங்களுக்கு போனஸ் புள்ளி உண்டு. அது இறுதிச் சுற்றுக்குப் போகிறவர்களின் கவலை, நமக்கு இப்போது வேண்டாம்.

நேரில் போகும்போது

தேசிய இறுதிப் போட்டி போன்ற நேரடிச் சுற்றுக்குப் போகிற நாள் வந்தால், போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் கண்காணிப்பாளர்கள் கறாராக இருப்பதற்கு ஒரு கதை உண்டு. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் நடந்த அவர்களுடைய தேசிய போட்டியில், தலையை மூடிய ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஒரு சுற்றில் அசுர வேகத்தில் போட்டு மேடையேறி, இறுதிச் சுற்றில் கட்டத்தை நிரப்பவே தடுமாறினார். சந்தேகம் வந்து பரிசுப் பணத்தை நிறுத்திவைத்தார்கள், பிறகு தனியாகப் போட்டுக் காட்டச் சொன்னபோது முடியவில்லை, தகுதி நீக்கம் செய்தார்கள். அதே மேடையில் மூன்று உலகப் பட்டங்களில் இரண்டை அப்போதே வாங்கியிருந்த தாமஸ் ஸ்னைடர் கட்டத்தில் ஒரு தப்புச் செய்து, டாமி மெக்லியாட் ஜெயித்தார். ஸ்னைடருக்கே தப்பு வருகிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஹாலில் ஏசி குளிர் நடுங்கவைக்கும், சென்னை வெயிலுக்கு உடுத்திக்கொண்டு போய் விரல் விறைத்து உட்காராதீர்கள், முழுக்கை ஒன்று இருக்கட்டும். பென்சில் மூன்று, கைக்கடிகாரம், வயிற்றை மந்தமாக்காத டிபன். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கில்லர் போட முடியாது.

இந்திய அணிக்குள் நுழைந்தால் உலகப் போட்டி இரண்டு மூன்று நாள் ஓடும். தனிநபர் சுற்றுகள் பல, நான்கு பேர் அணியாகச் சேர்ந்து போடுகிற சுற்றுகள் சில, அப்புறம் முன்னணியில் இருப்பவர்களுக்கு இறுதி. விமான டிக்கெட்டுக்குக் கைக்காசு போட வேண்டிவரலாம் என்பதை இப்போதே வீட்டில் காதில் போட்டுவைப்பது நல்லது. நான் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை.

மாமிக்குப் போன மாதம் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். கில்லர் சேர்க்கைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார், பால் எடுக்கும்போதெல்லாம் 23 என்றால் 6, 8, 9 என்று வாய் முணுமுணுக்கிறது. பிரிண்டர் அவர் வீட்டில் இருக்கிறது. அடுத்த சுற்றுக்குக் காலை ஆறு மணிக்கு வந்துவிடச் சொல்லியிருக்கிறார், காபி அவர் பொறுப்பு.